மாரியில் உறங்கும் மைதானங்கள்

தைப்பொங்கல் கழிந்து, வாவியோரத்துப் புற்றரைகளில் தேங்கிய நீர் வற்றத் தொடங்கியதும் நம் பகுதிக் கல்லூரிகளிலே ஒரு பரபரப்பு உண்டாவதை யாவரும் அறிவர். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறிக்கப்படும். ஈரங் காயாத தரையிற் சுண்ணாம்புக் கோடுகள் எழும். மார்கழி முழுவதும் கட்டிலிலும் கதிரையிலும் கிடந்த கால்கள் திடீரென நூறு மீற்றரும், நானூறு மீற்றரும், நீளம் பாய்தலும், உயரம் பாய்தலும் ஒரே கிழமையில் ஓடியும் பாய்ந்தும் தீர்க்கவேண்டியனவாகும். மூன்றாம் நாள் ஒருவன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு தரையிற் குந்துவான். ஐந்தாம் நாள் இன்னொருவன் முழந்தாளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வருவான். சென்ற ஆண்டு பரிசுபெற்றவன் அவனாயின், வீட்டிலுள்ள பாட்டியார் கண்ணூறு பட்டதென்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலே போடுவார். பாட்டியாரின் அன்பை நாம் குறைகூறோம். ஆயினும் அப்பிள்ளையின் காலைக் கெடுத்தது பிறர் கண்ணன்று, அதற்கு முன் சென்ற மூன்று மாதச் சோம்பலே என்பது நமது கருத்து.

விளையாட்டுப் பருவத்தில் ஒருவன் காட்டும் வலிமை, பருவமல்லாத காலத்தில் அவன் ஈட்டிவைத்த வலிமையாகும். இவ்வுண்மையை நன்கறிந்தவர்கள் குளிர்நாட்டு வீரர்கள். இரு கால்களையும் ஒரே பலகையிற் பிணைத்துக்கொண்டு பனிமலைச் சரிவிலே வழுக்கி இறங்கும் பனிப்பலகைச் சறுக்கல் என்றொரு விளையாட்டு உண்டு. 1998ஆம் ஆண்டு யப்பானின் நகானோ நகரில் நிகழ்ந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பனி உறைந்திருப்பது ஆண்டிற் சில மாதங்களே. எஞ்சிய மாதங்களில் மலையிலே புல்லுங் கல்லுமே தெரியும். அக்காலத்தில் அவ்வீரர்கள் பனியை நோக்கிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பதில்லை. தொடைக்கும் இடுப்புக்கும் வயிற்றுத் தசைக்கும் உரமேற்றுகின்றனர். ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுகின்றனர். உயரத்திலிருந்து குதித்து ஓசையின்றித் தரையில் ஊன்றப் பழகுகின்றனர். சிலர் கடலலையிலும், சிலர் சில்லுப் பூட்டிய பலகையிலும் சறுக்குகின்றனர். பனி வந்தபின் உடலைத் தேடுபவன் முதற்கிழமையிலேயே மணிக்கட்டையோ முழந்தாளையோ முறித்துக்கொள்வான் என்பதை அவர்கள் பட்டறிந்துள்ளார்கள்.

குளிர்நாட்டார் கதை நமக்கேன் என்பார்க்கு ஓர் இந்தியரின் வரலாற்றைக் காட்டுவோம். சிவ கேசவன் என்பவர் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பிற் பங்குபற்றியவர். அவரது விளையாட்டு, உறைந்த பனிப்பாதையில் சிறு வண்டியொன்றின்மேல் மல்லாந்து படுத்துக் கடுவேகத்தில் வழுக்கிச் செல்வது. அதற்குரிய செயற்கைப் பாதை அவர் நாட்டில் இல்லை. அவரோ தம் வண்டிக்குச் சில்லுகளைப் பூட்டி, இமயமலையடிவாரத்து வீதிகளிலே, எதிரில் வரும் வாகனங்களுக்கும் ஆட்டுமந்தைகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் பயின்றார். பாதையில்லாத நாட்டில் வீதியைப் பாதையாக்கிக்கொண்ட அவரை எண்ணும்போது, மைதானத்தில் மழைநீர் நிற்கின்றதென்று மூன்று மாதம் ஓய்ந்திருக்கும் நாம் சொல்லுஞ் சமாதானம் எத்துணை மெலிந்தது!

நம் நாட்டிற் பனியில்லை. பருவம் உண்டு. அவர்கள் மைதானம் பனி உருகினால் மூடப்படுகின்றது. நம் மைதானம் வாடைக்காற்று மழையைக் கொணர்ந்தால் மூடப்படுகின்றது. ஐப்பசியில் இடியும் மின்னலுமாகத் தொடங்கும் மழை கார்த்திகை, மார்கழியில் அடைமழையாகித் தையிலே தணியும். மட்டக்களப்பின் ஆண்டுமழையிற் பெரும்பகுதி இந்நாட்களிலேயே பொழிகின்றது. சில ஆண்டுகளில் அது மழையென்ற அளவில் நிற்பதுமில்லை. 1978 கார்த்திகைச் சூறாவளியையும் 2011ஆம் ஆண்டுத் தைமாத வெள்ளத்தையும் கண்டவர்கள் நம்மிடையே பலர் உளர். அத்தகைய ஆண்டுகளில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவார் எவருமிலர், பேசவும் வேண்டியதில்லை. நாம் கூறுவது வழக்கமான ஆண்டுகளைப் பற்றியே. தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவிற் பலகையேறி அலைசறுக்கும் இளைஞர்க்கும் சித்திரை தொட்டுப் புரட்டாதி வரையுமே நற்பருவம். மாரிக்கடல் அவர்களையுங் கரையேற்றிவிடும்.

இனி, ஓய்ந்திருக்கும் உடலில் நிகழ்வது யாதென நோக்குவோம். பயிற்சியை முற்றாக விட்டவனுடைய மூச்சுவலிமை இரண்டு முதல் நான்கு கிழமைக்குள்ளேயே குறையத் தொடங்குகின்றது. தசையின் பலம் சற்றுப் பின்தங்கிக் குறையும். மீண்டும் தொடங்கும்போது மூச்சும் தசையும் விரைந்து திரும்பிவருகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் எலும்பும் அத்துணை விரைவில் உரம்பெறுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். இங்கேதான் ஆபத்து உளது. இரண்டு கிழமை ஓடிய மாணவன் தனக்குப் பழைய வேகம் வந்துவிட்டதென நம்புகின்றான். தசை இழுக்கின்ற இழுப்பைத் தாங்க நாண் இன்னும் ஆயத்தமாகவில்லை. பின்தொடை கிழிவதும், கணைக்கால் எலும்பின் முன்புறம் நோவதும், குதிகால் நாண் வீங்குவதும் பெரும்பாலும் இத்தகைய அவசரத்தின் விளைவுகளே. இவ்வாறு பதினைந்து பதினாறு வயதிற் காயப்பட்டு, ஒருமுறை ஆறி, மறுமுறையும் கிழிந்து, பின்னர் மைதானத்தின் ஓரத்தில் நின்று கைதட்டுபவனாகவே கல்லூரியை விட்டு நீங்கிய மாணவர்கள் எத்தனை பேர்! பரிசுப் பலகையில் அவர்கள் பெயர் இராது. ஆதலால் அவர்களை நாம் எண்ணுவதுமில்லை.

வியப்பு யாதெனில், இவ்விடயத்தில் நமக்கு வெளிநாட்டு ஆசிரியர் வேண்டியதேயில்லை என்பதாகும். நம் ஊர் அண்ணாவிமார் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்துள்ளார்கள். வடமோடிக் கூத்தாடும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அரசனாக வேடம் புனைந்தவன் முடியும், புயக்கட்டும், விரிந்த கரப்புடுப்பும், காலிற் சதங்கையுமாக வட்டக் களரியிலே தாளக்கட்டுக்கு இசையச் சுழன்று, எட்டு வைத்து, பாய்ந்து, பாடவும் வேண்டும். கூத்தோ விடியும்வரை நிகழ்வது. இளைக்க இளைக்க ஆடியவன் அடுத்த கணமே குரலெடுத்துப் பாடவேண்டுமாயின் அவன் நெஞ்சு எத்துணைப் பயின்றிருக்கவேண்டும்! இது ஒரே கிழமையில் வருவதன்று. வேளாண்மை வேலை ஓய்ந்த காலம் பார்த்துச் சட்டங் கொடுத்து, இரவு இரவாக, மாதக்கணக்கிற் பழக்குகின்றார் அண்ணாவியார். முதலில் வெறுங்காலும் வெறுமேனியுமாகத் தாளக்கட்டு. அது காலிற் படிந்தபின்னரே சதங்கை அணிதல் என்னுஞ் சடங்கு. உடையும் முடியுந் தாங்கி முழு இரவும் ஆடுவது அரங்கேற்றத்திலேதான். சுமையைப் படிப்படியாக ஏற்றுதல் என்று இக்கால உடற்பயிற்சி நூல்கள் விரித்துரைக்கும் விதி இதுவேயன்றோ? வெறுங்காலிற் பிழைவிடுபவனுக்குச் சதங்கை கட்டிவிடும் அண்ணாவியாரை நாம் கண்டதில்லை. பயிலாத காலுக்குப் பந்தய நாளைக் குறித்துவிடும் கல்லூரிகளையோ ஆண்டுதோறுங் காண்கின்றோம்.

இக்கலையைப் படித்தவர் மதிக்கத் தொடங்கியதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றிய கூத்துக்கள் பெருங்காரணமாயின. 1962இல் ஆடப்பட்ட 'கர்ணன் போர்' அவற்றுள் ஒன்று. அவற்றில் முதன்மையாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. கூத்தின் பாட்டையும் தாளத்தையும் பண்பாட்டையும் பற்றி அதன்பின் நூல்கள் பல எழுந்தன. கூத்தாடியின் உடலை அவ்வாறு ஆயத்தமாக்கிய முறையைப் பற்றி விளையாட்டு ஆசிரியர்கள் சிந்தித்தார்களில்லை. கல்லூரியிற் கூத்துப் பழகும் மாணவரை ஒரு கூட்டமாகவும் ஓட்டம் பழகும் மாணவரை வேறொரு கூட்டமாகவும் பிரித்து வைத்துள்ளோம். மழைமாதங்களில் இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே மண்டபத்தில் நிறுத்தி, அண்ணாவியார் ஒருவரை அழைத்து, ஒரு மணிநேரம் வடமோடி ஆட்டம் பழக்கினால் ஓட்டக்காரனுடைய கணைக்காலும் மூச்சும் பெறும் நன்மை சிறிதன்று என நாம் துணிந்து கூறுவோம்.

முன்னாளிற் பயிற்சி வேண்டாமலே நம் இளைஞர் வலியராயிருந்தனர் என்று முதியோர் கூறுவர். அக்கூற்றில் உண்மையுண்டு. படுவான்கரையிலிருந்து தோணியேறித் துறை கடந்து வந்த மாணவன் வீட்டிற் சும்மா இருந்தவனல்லன். சேறு மிதித்தான், கதிர்ச்சுமை சுமந்தான், நெடுவழி நடந்தான். வாவியிலே ஒடுங்கிய தோணியின் முனையில் நின்று வீச்சுவலை எறிபவனைப் பாருங்கள். தோணி ஆடுகின்றது. அவன் இடுப்பு திரும்புகின்றது. வலை வட்டமாக விரிந்து விழுகின்றது. பாதம் இரண்டும் பலகையை விட்டு அசைவதில்லை. பனிமலையிற் பலகையேறி நிற்பவன் பெரும்பொருள் செலவிட்டுப் பெறும் சமநிலை இதுவே. இன்று உழவும் அறுவடையும் இயந்திரத்தின் வேலையாயின. பாலங்கள் வந்தன. பாடசாலைக்கு முச்சக்கர வண்டியிலும், தந்தையின் மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையிலும் பிள்ளை வருகின்றான். இவற்றை வேண்டாமென்று நாம் கூறவில்லை. கதிர்ச்சுமையின் கீழ் முதுகு வளைந்தவர் எவரும் அக்காலம் மீளவேண்டுமென விரும்பார். எனினும் வேலையினால் இலவசமாகக் கிடைத்த உடலுரம் இன்று தேடிப் பெறவேண்டியதொன்றாயிற்று என்பதை ஏற்றுக்கொள்ளவேண்டும்.

தேடுவதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ? வேண்டாம். ஒரு மண்டபமும், சில வாங்குகளும், கயிறும், மணல் நிரப்பிய சாக்குகளும் போதும். பிள்ளையார் சந்நிதியில் நம் சிறுவர் இடும் தோப்புக்கரணத்தை முறையாக, முதுகு நிமிர்ந்து, குதிகால் எழாமல் ஆழமாக இட்டால் அது தொடைக்குச் சிறந்த பயிற்சி. சூரிய நமஸ்காரம் தோளுக்கும் முதுகுக்கும் ஆகும். கண்ணை மூடி ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். முதல் நாளிற் பெரும்பாலார் தள்ளாடுவர், கார்த்திகை முடிவில் நிற்பர். வாங்கிலிருந்து குதித்து, முழந்தாள்கள் உட்புறம் சாயாமல், ஓசை கேளாமல் ஊன்றுவது பாய்ச்சற்காரர்க்கும் பந்தாட்டக்காரர்க்கும் முழந்தாளைக் காக்கும் பழக்கம். பின்தொடைக்கென ஓரெளிய பயிற்சி உளது. மாணவன் முழந்தாளிட்டு நிற்க, தோழன் அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடிப்பான். நின்றவன் உடல் வளையாமல் மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து, இயன்றமட்டும் தன்னைத் தாங்கிப் பின்பு கையூன்றுவான். தொடர்ந்து செய்வோரிடையே பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இதுபோன்ற பயிற்சிகளைத் தொகுத்து '11+' என்ற பெயரில் இருபது நிமிட முறையொன்றை வகுத்துள்ளது. நோர்வேயின் இளம் பெண் ஆட்டக்காரரிடையே அதனைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. எல்லாக் காயங்களையுஞ் சேர்த்து நோக்கியபோது அவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. கருவி ஒன்றும் வேண்டாத இம்முறை நம் மண்டபங்களுக்கென்றே வகுக்கப்பட்டதுபோல் உளது.

மழை விட்ட மாலைகளிற் கல்லடிக் கடற்கரை மணல் உதவும். புற்றரையிற் சேறு நிற்கும்போது மணல் நீரை உள்வாங்கி நடக்கத்தக்கதாகிவிடும். அம்மணலில் மெல்லோட்டம் காலுக்கு நல்ல வேலை. ஆனால் மாரிக்கடலில் இறங்குதல் கூடாது. வெள்ளங்கொண்ட வாவியில் நீந்துதலும் கூடாது. அங்கே நீரோட்டமும் முதலையும் உண்டு. நீச்சல் கோடைக்குரியது. ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் வெளியில் நில்லாமல் உடனே கட்டடத்துள் ஒதுங்கவேண்டும். சீமெந்துத் தரையின் பயனையும் இங்கே குறிப்பிடல் தகும். அமெரிக்க இயேசுசபைத் துறவிமார் புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்து அதனை இந்நகரின் பெருமைக்குரிய ஆட்டமாக்கினர். அவர்களுள் ஒருவரான வண. வெபர் அடிகளாரின் பெயர் நகர விளையாட்டரங்குக்கு வழங்குகின்றது. அவர்கள் வெற்றிக்குக் காரணம் பல. மழை ஓய்ந்து ஒருமணி நேரத்திற் காய்ந்துவிடும் தரை அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும் என்பது நமது ஊகம்.

தடை கூறுவோரும் உளர். மழைமாதங்கள் பரீட்சை மாதங்கள் என்பர். மாலையில் ரியூசன் வகுப்பு, இரவில் மீட்டல், இடையில் உடற்பயிற்சிக்கு நேரமேது என்பர். கிழமையில் மூன்று நாள், நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் என்பதே நாம் கேட்பது. அதனாற் பரீட்சையில் தோற்றவன் எவனுமிலன் என்று உறுதி கூறுவோம். நம் சமயத்தவர்க்கு உடலைப் பேணுதல் இழிவன்று என்பதைத் திருமூலர் தொட்டுப் பலரும் உணர்த்தியுள்ளனர். 1897இல் நம் ஈழத்துக்கும் வந்து சென்ற விவேகானந்த சுவாமிகள், அவ்வாண்டு சென்னைச் சொற்பொழிவொன்றில், இளைஞர்க்குக் கீதையை விடவும் பந்தாட்டமே விண்ணுலகை அண்மையாக்கும் என்னுங் கருத்தைக் கூசாமற் கூறினார். அவர் படிப்பைப் பழித்தவரல்லர். வலிமையற்றவன் கற்றதும் பயன்படாதென அஞ்சியவர்.

வேறொரு தடை நியாயமானது. வயிற்றுக்குப் போதாத பிள்ளையை ஓடச்சொல்லுதல் கொடுமை. மாரியில் வாவித்தொழிலும் கூலிவேலையும் தடைப்பட்டு, பல வீடுகளில் அடுப்பு மெலியும். மண்டபத்துக்கு வரும் பிள்ளைக்கு அவித்த கடலையோ பயறோ ஒரு கிண்ணம், இயலுமாயின் ஒரு முட்டை, கல்லூரியே கொடுத்தல் வேண்டும். இது இல்லாவிடின் மேலே கூறிய யாவும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய உபதேசமாகிவிடும். ஓய்வும் வேண்டும் என்பதை மறுக்கமாட்டோம். கோடைப் போட்டிகள் முடிந்தபின் இரண்டு மூன்று கிழமை உடலை ஆறவிடுதல் நன்று. மூன்று கிழமை மூன்று மாதமாக வளர்வதையே நாம் கண்டிக்கின்றோம்.

இனிப் பழைய மாணவர்க்கு. விழா நாட்களிற் பழைய மாணவர்க்கும் இந்நாள் மாணவர்க்கும் நிகழும் பந்தாட்டத்தைக் காணாதார் யார்? இருபத்தைந்து ஆண்டு மேசைமுன் இருந்துவிட்டு, இறுகிய காற்சட்டையும் இரவல் சப்பாத்துமாக இறங்குகின்றோம். முதற் பத்து நிமிடம் பழைய வீரம். அதன்பின் ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறுவார். மற்றொருவர் காற்று வாங்கும் பாவனையிற் கோற்கம்பத்தில் சாய்ந்து நிற்பார். சிறுவர் சிரிப்பர். சிரிக்கட்டும். நாற்பதைக் கடந்தவர்க்கு ஆபத்து கெண்டைக்காலோடு நில்லாது, நெஞ்சையும் தொடும். ஆதலால் அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்க எண்ணுவோர் மூன்று மாதம் முன்னரே நடக்கத் தொடங்கவும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் வைத்தியரிடங் காட்டிக்கொள்ளவும் வேண்டுகின்றோம்.

பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கேடயங்களும் கிண்ணங்களும் வழங்கி வருகின்றன. அலுமாரிகளில் அவற்றுக்கு இனி இடமில்லை. இவ்வாண்டு ஒரு கேடயத்தின் விலையைக்கொண்டு பன்னிரண்டு கயிறும், நாற்பது சாக்கும் வாங்கலாம். இரண்டு கேடயத்தின் விலையிற் கடலைக்கும் பயறுக்கும் ஒரு தொடக்கம் உண்டாகும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே முந்நூறு பிள்ளைகளைக் கவனித்தல் இயலாது. ஊரிலேயே வாழும் பழைய வீரர் நால்வர், கிழமைக்கு ஒரு மாலை வீதம் முறைவைத்து வந்தால் அவர் சுமை குறையும். ஐப்பசி முதற் கிழமையில் மண்டபத்தின் திறப்பை யார் கையில் ஒப்படைப்பது என்பதை அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம்.